கூடையின் ஓரத்தில் என் கட்டைவிரல்

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் நடந்த இளம் போதகர்கள் கூட்டத்தில், தேநீர் இடைவேளையின்போது உங்களில் மூன்று பேர் தனித்தனியாக வந்து ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "பாஸ்டர், கருக்கலைப்பு பத்தி யாராச்சும் வந்து கேட்டா நாம என்ன சொல்றது?" மூன்று பேரிடமும் நான் வடையை மென்றுகொண்டே மழுப்பினேன். முப்பத்திரண்டு வருடம் அங்கி போட்டவன் ஒரு வடையைச் சாக்கு வைத்துத் தப்பித்திருக்கக் கூடாது. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, சாலாக் செலாத்தானில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் எதிர்பார்க்கும் வசனப் பட்டியல் இதில் இருக்காது. அதை இறையியல் கல்லூரியில் என்னைவிட நன்றாகவே படித்திருப்பீர்கள். நான் சொல்லப்போவது என் வலது கைக் கட்டைவிரல் செய்த காரியத்தை.

நம் சபைகளில் புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். போதகர் கூடையோடு பலிபீடத்தின் முன் நிற்பார். ஒவ்வொரு அட்டையிலும் வேதத்திலிருந்து ஒரு வாக்குறுதி எழுதியிருக்கும். குடும்பம் குடும்பமாக வந்து, பார்க்காமல் ஒன்றை எடுப்பார்கள். அந்த வருடம் முழுவதும் ஆண்டவர் தங்களுக்குச் சொன்ன வார்த்தை அதுதான் என்று நம்புவார்கள். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுவார்கள், டாக்சியின் முன்கண்ணாடியில் செருகுவார்கள், பணப்பைக்குள் மடித்து வைப்பார்கள். கல்லூரியிலிருந்து வந்த புதிதில் நான் இதைக் கண்டு முகம் சுளித்தேன். பிறகு, கூடைக்குள் கை விடும்போது பெரிய பெரிய அதிகாரிகளின் விரல்கள்கூட நடுங்குவதைப் பார்த்தேன். சுளிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒரு வருடம், மனைவியை அடக்கம் செய்து மூன்று வாரமே ஆன ஒரு பெரியவர் வந்து அட்டை எடுத்தார். வீட்டுக்காரி கனிதரும் திராட்சைக் கொடியைப்போல் இருப்பாள் என்ற வாக்கு வந்தது. அவர் படித்துப் பார்த்தார். அட்டையை மறுபடியும் கூடைக்குள் போட்டுவிட்டு, வாசல் பக்கம் நடந்தார். என்னால் அதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து நான் ஆண்டவருக்கு உதவி செய்ய ஆரம்பித்தேன். யார் வீட்டில் நோய், யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் சாவு என்பதெல்லாம் போதகருக்குத் தெரியாததா? ஏற்ற அட்டையைக் கூடையின் ஓரமாக ஒதுக்கி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வேன். அந்தக் குடும்பம் வந்ததும் கூடையைச் சற்றே சாய்த்து, அதை அவர்கள் விரல் படும் இடத்துக்குத் தள்ளுவேன். பதினோரு வருடம் இப்படிச் செய்தேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை, என் மனைவியைத் தவிர. "நீங்க என்ன ஆண்டவருக்கு பி.ஏ.வா?" என்று ஒரு தடவை கேட்டாள். நான் சிரித்து மழுப்பினேன். மழுப்புவதில் நான் அப்போதே தேர்ந்தவன்.

ரூபி எங்கள் சபையிலேயே வளர்ந்த பெண். அப்பா ரயில்வேக்காரர். தேவராஜைக் கல்யாணம் செய்து கிள்ளானுக்குப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்துவிடுவாள். கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. தேவராஜுக்குத் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வை வேலை. கல்யாணமாகி ஒன்பது வருடம் குழந்தை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் மற்றவர்களின் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அவள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது, பெற்றவர்களே கொஞ்சம் கூச்சத்தோடு பார்ப்பார்கள்.

அந்தப் புத்தாண்டில் அவர்கள் இருவரும் முன்னே வந்தபோது என் கட்டைவிரல் ஒரு அட்டையைத் தயாராகப் பிடித்திருந்தது. மலடியைப் பிள்ளைகளின் தாயாக்கி மகிழ்விப்பார் என்ற வாக்கு. கூடையைச் சாய்த்தேன். ரூபி எடுத்தாள், படித்தாள், அப்படியே முழங்காலிட்டு அழுதாள். சபையே அழுதது. நானும் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் அழுகையில் பெருமையும் கலந்திருந்தது.

நான்கு மாதத்தில் அவள் கருவுற்றாள்.

அந்தச் செய்தி வந்த ஞாயிறு நீங்கள் சபையில் இருந்திருக்க வேண்டும். கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. அந்தச் சூட்டோடு சூடாக அடுத்த வாரமே நான் உயிரின் மேன்மையைப் பற்றிப் பிரசங்கித்தேன். தாயின் கர்ப்பத்தில் நம்மைப் பின்னியவர் அவரே என்று பாடுகிற சங்கீதம்தான் ஆதாரம். அதில் சொன்ன எதையும் இன்றும் நான் மாற்றிக்கொள்ளவில்லை, ஒன்றைத் தவிர. "கருக்கலைப்புக்கு நம் நாட்டுச் சட்டத்தில் எந்த நிலையிலும் இடமே கிடையாது, தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்று முழங்கினேன். அந்தச் சட்டத்தை நான் ஒரு தடவைகூடப் படித்ததில்லை. யாரோ சொன்னதை நம்பிச் சொன்னேன்.

ஆறு வாரம் கழித்து ஒரு மதியம் தேவராஜ் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். துறைமுகத்தில் போடும் பளபளப்பான மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"பாஸ்டர், ரூபி ஆஸ்பித்திரியில இருக்கா. நாலு படி ஏறினா மூச்சு வாங்குதுன்னு கூட்டிட்டுப் போனேன். நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல பிரஷராம், ரொம்ப நாளா இருந்திருக்கு, யாருக்கும் தெரியல. புள்ள வளர வளர அவ இருதயம் தாங்காதாம். இப்பவே கலைச்சிடணும்னு டாக்டர் சொல்றாங்க."

"ரூபி என்ன சொல்றா?"

"மாட்டேங்கறா. ஆண்டவர் வாக்குக் கொடுத்துட்டார், அவரு பாத்துப்பார்னு ஒரே பிடிவாதம். எனக்குப் புள்ள வேணாம் பாஸ்டர், அவ போதும். நீங்க வந்து சொல்லுங்க லா. நீங்க சொன்னா கேப்பா."

கிள்ளானுக்கு ரயிலில் போனோம். வார்டில் ரூபி மூக்கில் பிராணவாயுக் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். கைப்பேசியைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடி போன்ற உறைக்குள், பின்பக்கம், அந்த அட்டை.

"இவருதான் பயப்படறாரு பாஸ்டர். நீங்க பிடிச்ச கூடையிலருந்துதானே எடுத்தேன்? ஆண்டவர் பொய் சொல்ல மாட்டார். அதோட சட்டப்படியும் கூடாதுன்னு நீங்களே சொன்னீங்க இல்ல?"

நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? ஜெபம் செய்தேன். நல்ல நீளமான, அழகான ஜெபம். முடித்துவிட்டு வெளியே ஓடிவந்தேன்.

தாழ்வாரத்தில் அவளுடைய மருத்துவர் என்னை நிறுத்தினார். முக்காடு அணிந்த மலாய்ப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். நானும் தொழுகிறவள்தான், அதனால் உங்களிடம் நேராகப் பேசுகிறேன் என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். சட்டம் முழுக்கத் தடுக்கவில்லை என்று அவர்தான் எனக்கு விளக்கினார். கர்ப்பம் தொடர்ந்தால் தாயின் உயிருக்கு, அல்லது உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ வரும் ஆபத்து, கலைப்பதால் வருவதைவிடப் பெரியது என்று பதிவுபெற்ற மருத்துவர் நல்லெண்ணத்தோடு கருதினால் சட்டம் இடம் கொடுக்கிறது. ரூபியின் நிலையில் நாளாக நாளாக எல்லாமே கடினமாகும், ஒரு வாரத்துக்குள் முடிவு தெரிய வேண்டும் என்றார். போகும்போது ஒன்று சொன்னார். "அவள் என்ன முடிவெடுக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. அவள் யாருக்கும் கட்டுப்படாமல் முடிவெடுக்க வேண்டும். இப்போது அவள் அப்படி இல்லை."

அவருக்குத் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. என் கட்டைவிரல் மட்டும் சட்டைப்பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

இளையவர்களே, இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடியில் ஒரு போதகனுக்குத் தோன்றும் யோசனைகள் எல்லாமே பக்தியான உடுப்பில்தான் வரும். ரயிலில் திரும்பும்போது எனக்கு இரண்டு தோன்றின. ஒன்று, பேசாமல் இருந்துவிடுவது. அந்த அட்டையை நான் தள்ளியிருந்தாலும், என் விரலைத் தள்ளியவர் ஆண்டவராக ஏன் இருக்கக் கூடாது? அவள் கருவுற்றுவிட்டாளே! இரண்டாவது, புதிதாக ஒரு வார்த்தை சொல்வது. "ரூபி, ஆண்டவர் இன்றைக்கு என்னோடு பேசினார், டாக்டர் சொல்கிறபடி செய்யச் சொன்னார்" என்றால் அவள் மறுபேச்சில்லாமல் கேட்பாள். உயிரும் பிழைக்கும். என் மானமும் பிழைக்கும்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முதல் யோசனையைத்தான் சொல்லிப் பார்த்தேன். "பிலேயாமோட கழுதையைக்கூட ஆண்டவர் பேசவெச்சுப் பயன்படுத்தினார். என் விரலைப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா?"

அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "அந்தக் கழுதை உண்மையைப் பேசுச்சு."

மறுநாள் முழுவதும் வேதத்தைப் புரட்டினேன். கருவைப் பற்றி, உயிரைப் பற்றி எத்தனையோ பகுதிகள். அவற்றையெல்லாம் ரூபிக்காகத் தேடினேன். என்னைப் பிடித்துக்கொண்டதோ வேறொன்று. உடன்படிக்கைப் பெட்டி வண்டியில் வரும்போது மாடுகள் இடற, பெட்டி விழுந்துவிடக் கூடாதே என்று நல்லெண்ணத்தில் கைநீட்டிப் பிடித்த ஒருவனை ஆண்டவர் அடித்தார், அவன் அங்கேயே விழுந்து செத்தான். வாலிபத்தில் அதைப் படித்து, இது என்ன நியாயம் என்று கோபப்பட்டிருக்கிறேன். அன்றைக்குக் கோபம் வரவில்லை. ஆண்டவருடைய பெயரை வீணாகச் சொல்லாதே என்ற கட்டளையைக் கெட்ட வார்த்தை பேசும் பையன்களுக்கு எத்தனை தடவை போதித்திருப்பேன்! என் ஆசைக்கு அவருடைய கையெழுத்தைப் போட்டவன் நான்.

அதற்கடுத்த நாள் பிற்பகல் மறுபடியும் கிள்ளானுக்குப் போனேன். தேவராஜும் கட்டில் ஓரத்தில் இருந்தார். உட்காராமலேயே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்லாமல் போய்விடுவேன் என்ற பயம்.

"ரூபி, அந்த அட்டையை ஆண்டவர் எடுத்துக் கொடுக்கல. நான் கொடுத்தேன். ஓரமா ஒதுக்கிக் கட்டைவிரலால பிடிச்சிருந்தேன். நீ வந்ததும் கூடையைச் சாய்ச்சேன். சட்டத்தைப் பத்திச் சொன்னதும் தப்பு. உன் நிலைமையில டாக்டருக்குச் சட்டம் இடம் கொடுக்குது. நான் படிக்காமலே பேசினேன்."

அவள் என் கையைப் பார்த்தாள். "எத்தனை பேருக்கு இப்படிப் பண்ணீங்க?"

"பதினோரு வருஷமா. கணக்கு வெச்சுக்கல."

கைப்பேசி உறையிலிருந்து அட்டையை நகத்தால் நெம்பி எடுத்தாள். என்னிடம் நீட்டவில்லை, கிழிக்கவும் இல்லை. போர்வையின் மேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப ஆண்டவர் எனக்கு ஒண்ணுமே சொல்லலையா பாஸ்டர்?"

முப்பத்திரண்டு வருட ஊழியத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் இதுதான் பெரியது. என் வாயில் பதில்கள் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொன்றையும் விழுங்கினேன். "எனக்குத் தெரியலம்மா" என்றேன்.

தேவராஜ் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க கிளம்புங்க பாஸ்டர்" என்றார். கிளம்பினேன்.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. அவளுடைய விசுவாசத்தைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். நான்காம் நாள் காலை பத்து மணிக்கு ரூபியே கூப்பிட்டாள். மூச்சுக்கு இடைவெளி விட்டு விட்டுப் பேசினாள்.

"பாஸ்டர், உங்க மேல கோவமாதான் இருக்கேன். ஆனா ஒண்ணு சொல்லணும். இந்த மூணு நாளா நான் கையில ஒண்ணுமே இல்லாம ஜெபம் பண்ணேன். அட்டை இல்ல, வசனம் இல்ல. சும்மா, நான் என்ன செய்யன்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டேன். பழக்க தோஷம்.

"ஒண்ணும் சொல்லல பாஸ்டர். ஆனா எழுந்து போகவும் இல்ல."

கைப்பேசியைப் பிடித்தபடி அலுவலக நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். நான் பிரசங்க மேடையில் ஆயிரம் தடவை அவரைப் பேச வைத்திருக்கிறேன். அவர் பேசாதபோது அவரோடு இருக்க அந்தப் பெண்ணால் முடிந்தது. என் விரல் இல்லாமலே, ஏன், என் விரலையும் தாண்டி, அவர் அந்தக் கட்டில் பக்கத்தில் இருந்திருக்கிறார். இன்றைக்கு இதை எழுதும்போதும் அந்த வியப்பு குறையவில்லை.

"டாக்டர் சொன்னதைச் செய்யப் போறேன்" என்றாள். "யாரும் என்னைத் தள்ளல. என் புள்ளைக்காக நான் சாகத் தயார்தான். ஆனா இப்ப பதினஞ்சு வாரந்தான், அது வெளிய வந்து பிழைக்கற நாள் வரைக்கும் என் இருதயம் தாங்காது, நான் போனா அதுவும் என்கூடத்தான் போகும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. இவர் தனியா நிப்பாரு. நாளைக்கு வாங்க. பைபிள் கொண்டு வாங்க. பிரசங்கம் வேணாம்."

போனேன். தாழ்வாரத்தில் தேவராஜுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் என்னோடு பேசவில்லை. ஒரு மணிநேரம் கழித்துத் தன் தண்ணீர்ப் புட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குழந்தையை அனுமதி வாங்கி, செராஸ் கல்லறைத் தோட்டத்தில் தேவராஜின் அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தோம். நம் ஆராதனைப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு அடக்க முறை எனக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் நான்கு பேர், என் மனைவியோடு சேர்த்து. என் இரு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும் சின்னப் பெட்டி. கர்ப்பத்தில் பின்னியவரைப் பாடும் அந்தச் சங்கீதத்தைத்தான் மறுபடியும் வாசித்தேன். மேடையில் அதை ஒரு வாதமாக வாசித்திருந்தேன். அங்கே அழுதுகொண்டு வாசித்தேன். அந்தக் கரு ஒரு உயிர் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, ரூபிக்கும் இல்லை. அதனால்தான் பெயர் வைத்தாள். அந்தப் பெயர் அவர்களுடையது, நான் எழுதமாட்டேன்.

அந்த ஞாயிறு சபைக்கு முன் நின்று இரண்டு தவறுகளைச் சொன்னேன். சட்டத்தைப் படிக்காமல் பேசியது ஒன்று, கூடையில் கை வைத்தது ஒன்று. ரூபியின் பெயரை எடுக்கவில்லை. சபை இரைந்தது. "அப்ப என் மவனுக்கு வேல கெடச்சது?" என்று ஒரு ஆன்டி எழுந்து நின்று கேட்டார். "அது அவன் நல்லா இன்டர்வியூ பண்ணதால இருக்கும் ஆன்டி" என்றேன். சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. ரூபியைப் பற்றி அரசல்புரசலாகத் தெரிந்துகொண்ட சிலர் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். வந்து கேட்கிறவர்களிடம் என்ன சொல்வது? வேதத்தைப் படியுங்கள், சட்டத்தையும் படியுங்கள், மருத்துவரிடம் கேளுங்கள். உயிர் பரிசுத்தமானது என்பதை ஒளிக்காதீர்கள். ஆனால் உங்கள் ஆசையையோ பயத்தையோ அவர் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை.

அடுத்த புத்தாண்டு வந்தது. கூடை வேண்டாம் என்றேன், சபை மூப்பர்கள் வேண்டும் என்றார்கள். ஆராதனை முடிந்து, கூடையோடு பலிபீடத்தின் முன் நின்றேன். ஒருவரும் எழுந்து வரவில்லை. எல்லோருடைய கண்ணும் என் கையில்தான் இருந்தது.

மூன்றாவது வரிசையிலிருந்து ரூபி எழுந்தாள். மெதுவாகத்தான் நடக்க முடிந்தது, பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினாள். தேவராஜ் கூட வந்தார். எனக்கு முன்னால் வந்து நின்றாள். அட்டை எடுக்கவில்லை. கூடையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து, கூடைக்கு அடியில் கொடுத்துப் பிடித்தாள். விரல் ஒன்றுகூட ஓரத்தைத் தொடாதபடி, எல்லோரும் பார்க்கும்படி.

"இந்த வருஷம் நீங்க எடுங்க பாஸ்டர்" என்றாள்.

அத்தனை வருடமும் கூடையைப் பிடித்தவன் நான், ஒரு தடவைகூட எனக்கென்று எடுத்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டேன். என் விரல்கள் எல்லோருடைய விரல்களையும்போலவே நடுங்கின.